'வில்' போட்டா ஃபியூச்சர் வந்திடுமா? இங்கிலீஷ்ல நாளைக்கு நடக்கிறதைக் கதைக்கிற விதம்

திருகோணமலையில எந்த ரியூசன் கொட்டிலுக்குள்ள எட்டிப் பார்த்தாலும் என்றைக்காவது ஒரு நாள் போர்டில இந்த மூண்டு கட்டம் விழுந்திருக்கும். இடப்பக்கம் பாஸ்ட், நடுவில ப்ரெசன்ட், வலப்பக்கம் ஃபியூச்சர், அதுக்குக் கீழ வரிசையா 'வென்ட், கோ, வில் கோ'. பிள்ளைகளும் அடிமட்டம் வச்சுக் கோடு கீறி கொப்பியில எழுதிக்கொண்டு போகும், சோதனையில அதையே கேட்பாங்க, மார்க்ஸும் வரும். பிரச்சினை சோதனை முடிஞ்ச பிறகுதான். நிலாவெளியில போட் ஓட்டுற தம்பியும் உப்புவெளி ஹோட்டல்ல ரிசெப்ஷன்ல நிக்கிற தங்கச்சியும் ஐஈஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்குக்குப் போய்க் குந்துற அண்ணனும் நாளைக்கு நடக்கிற எதைச் சொல்லுறதெண்டாலும் 'வில்'லைத் தூக்கிப் போடுவாங்க. முன்னால இருக்கிறவருக்கு சொல் எல்லாம் விளங்கும், ஆனா நீங்க ஏற்கனவே ஒழுங்கு பண்ணின விசயத்தைச் சொல்லுறீங்களா, இப்பதான் யோசிச்சுச் சொல்லுறீங்களா, சும்மா குத்துமதிப்பா சொல்லுறீங்களா எண்டது மட்டும் விளங்காது.

அதுக்குத்தான் இதை எழுதுறன். இலக்கணப் பேர்களைக் கண்டு பயந்து ஓடினவங்களும் வாசிக்கலாம், ஒரு பேரை ஒருக்காத்தான் விளங்கப்படுத்துவன், அதுக்கு மேல தேவையில்லை.

மூண்டாவது கட்டத்துக்குள்ள என்ன இருக்கு?

முதல்ல டென்ஸ் எண்டா என்ன எண்டு பார்ப்பம். வினைச்சொல் தன்ர உருவத்தையே மாத்திக் காலத்தைக் காட்டினா அதுதான் டென்ஸ். தமிழ்ல 'போ' எண்ட சொல்லை எடுங்கோ: போனன், போறன், போவன். ஒரே சொல், மூண்டு உருவம், மூண்டு காலம். எங்கட மொழிக்கு மூண்டு கட்டம் அச்சா பொருந்தும்.

இனி இங்கிலீஷுக்கு வாங்கோ. 'வோக்' இருக்கு, அது 'வோக்ட்' ஆகும். 'ஈட்' இருக்கு, 'ஏட்' ஆகும். 'கோ' இருக்கு, 'வென்ட்' ஆகும். மூண்டாவது உருவம்? இல்லை. டிக்ஷனரியை முதல் பக்கத்தில இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினாலும் வருங்காலத்துக்கெண்டு தன்ர உருவத்தை மாத்துற ஒரு வினைச்சொல் கிடைக்காது. 'வில் கோ'வில 'கோ' அப்பிடியே அசையாம நிக்குது, முன்னால ஒரு துணைச்சொல் வந்து ஒட்டியிருக்கு, அவ்வளவுதான்.

அந்தத் துணைச்சொல் தனிய வந்த ஆளும் இல்லை, அதுக்கு ஒரு குடும்பமே இருக்கு. 'கேன், மே, மைட், மஸ்ட், ஷுட்' எல்லாம் அதின்ர சகோதரங்கள். இந்தக் குடும்பத்துக்கு மோடல் எண்டு பேர். கதைக்கிறவர் ஒரு விசயத்தை எவ்வளவு நிச்சயமா, எவ்வளவு விருப்பமா, எவ்வளவு கட்டாயமா சொல்லுறார் எண்டதைக் காட்டுறதுதான் இதின்ர வேலை. 'ஹி மே கம் டுமோரோ' எண்டாலும் நாளைக்கதைதான், 'ஹி மஸ்ட் கம் டுமோரோ' எண்டாலும் நாளைக்கதைதான். ஆனா 'மே'க்கும் 'மஸ்ட்'டுக்கும் ஒருத்தரும் போர்டில தனிக்கட்டம் கீறினதில்லை. 'வில்'லுக்கு மட்டும் கீறி வச்சிருக்கிறம். ஏன்?

காரணம் பழசு. இங்கிலீஷுக்கு இலக்கணம் எழுதத் தொடங்கின காலத்தில எழுதினவங்க எல்லாரும் லத்தீன் படிச்ச ஆக்கள், லத்தீன்ல வினைச்சொல்லுக்கே வருங்கால உருவம் இருக்கு, அதால அந்த அச்சுக்குள்ள இங்கிலீஷையும் ஊத்திப் பார்த்தாங்க. பிறகு ஒட்டோ யெஸ்பர்சன் எண்ட டென்மார்க் அறிஞர் 20ஆம் நூற்றாண்டின்ர தொடக்கத்திலேயே இங்கிலீஷுக்கு எண்டு தனி ஃபியூச்சர் டென்ஸ் இல்லை எண்டு எழுதினார். 2002இல கேம்பிரிட்ஜ் வெளியிட்ட, ஹடில்ஸ்டனும் புல்லமும் செய்த பெரிய இலக்கணமும் அதையேதான் சொல்லுது, இங்கிலீஷ் வினைக்கு ப்ரெசன்ட், பாஸ்ட் எண்டு ரெண்டு உருவம், 'வில்' ஒரு மோடல். எங்கட பாடப்புத்தகத்துக்கு இந்தச் செய்தி வந்து சேர இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும் போல.

சுருக்கமா: இங்கிலீஷ்ல வருங்காலம் இருக்கு, வருங்காலத்துக்கெண்டு ஒரு டென்ஸ் இல்லை. அதால அதைச் சொல்ல பல வழி வச்சிருக்கிறாங்க, ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வொரு வேலை.

கொழும்புக்குப் போற மூண்டு பேரும் ஒரு பஸ்ஸும்

இதை விளங்கிறதுக்கு எங்கட பஸ் ஸ்டாண்டையே எடுப்பம். நாளைக்கு ராவு கொழும்புக்குப் போகப்போற மூண்டு பேரை யோசிச்சுப் பாருங்கோ.

முதலாவது ஆள் சீட் புக் பண்ணியிட்டார், ரிக்கெட் சட்டைப் பொக்கெட்டுக்குள்ள இருக்கு, வெள்ளவத்தையில இருக்கிற மச்சானுக்குக் கோல் பண்ணி விடிய வாறன் எண்டும் சொல்லியாச்சு. ரெண்டாவது ஆள் போறது எண்டு மனசில முடிவெடுத்திட்டா, பையைக் கூட எடுத்து வச்சிட்டா, ஆனா புக் பண்ணேல்லை, ஒருத்தருக்கும் சொல்லவும் இல்லை. மூண்டாவது ஆள் தேத்தண்ணிக் கடையில நிண்டு இவங்கட கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார், திடீரெண்டு 'அப்ப நானும் வாறன்' எண்டிட்டார். மிச்சம் இருக்கிறது பஸ். அதுக்கு மனசும் இல்லை முடிவும் இல்லை, ஆள் ஏறினாலும் ஏறாட்டிலும் போட்டுவச்ச நேரத்துக்கு வெளிக்கிடும்.

நாலும் நாளைக்குத்தான் கொழும்புக்குப் போகுது. ஆனா இண்டைக்கு, இந்த நிமிசம், ஒவ்வொருத்தர் கையிலயும் இருக்கிறது வேற வேற. ஒருத்தரிட்ட ஒழுங்கு பண்ணின ஏற்பாடு, ஒருத்தரிட்ட ஏற்கனவே எடுத்த முடிவு, ஒருத்தரிட்ட இப்பதான் பிறந்த முடிவு, பஸ்ஸுக்கு நேர அட்டவணை.

இங்கிலீஷ் கேட்கிற கேள்வியும் இதுதான். நாளைக்கு என்ன நடக்கும் எண்டு அது பெரிசா கவலைப்படாது. நாளைக்கு எண்டு சொல்லுறதுக்கு இப்ப உங்கட கையில என்ன இருக்கு எண்டுதான் கேட்கும், அந்தப் பதிலுக்கு ஏத்த மாதிரித்தான் வினைச்சொல் வரும். முதலாவது ஆள் 'ஐம் கோயிங் டு கொலம்போ டுமோரோ' எண்பார். ரெண்டாவது 'ஐம் கோயிங் டு ட்ராவல் டுமோரோ'. மூண்டாவது 'ஐல் கம் டூ'. பஸ்ஸைப் பற்றி 'த பஸ் லீவ்ஸ் அட் டென்'. இனி ஒவ்வொண்டா பார்ப்பம்.

ரிக்கெட் கையில இருக்கிற ஆள்

இவர் சொன்னதுக்கு ப்ரெசன்ட் கன்டினியூவஸ் எண்டு பேர், 'ஆம், இஸ், ஆர்'க்குப் பின்னால 'இங்' போட்ட வினை. (இவர் சொன்னதில 'டு'க்குப் பின்னால நிக்கிறது ஊர்ப் பேர், ரெண்டாவது ஆளின்ர 'கோயிங் டு'க்குப் பின்னால நிக்கிறது இன்னொரு வினை, ரெண்டையும் குழப்பாதேங்கோ.) இப்ப நடந்துகொண்டிருக்கிறதுக்கு மட்டும்தான் இது எண்டு சின்ன வகுப்பில படிச்சிருப்பம், அதோட அது மனசில கல்வெட்டு மாதிரிப் பதிஞ்சிடுது. உண்மையில நாள், நேரம், ஆள் எல்லாம் பேசி முடிச்ச ஏற்பாட்டுக்கு இங்கிலீஷ்காரர் நாளாந்தம் பாவிக்கிறது இதைத்தான்.

இது தெரியாட்டி என்ன நட்டம் எண்டதுக்கு நிலாவெளிக் கடற்கரையில நான் கண்ணால பார்த்த ஒரு சம்பவம் சொல்லுறன். ஒரு தம்பி போட்டைக் கரையில இழுத்துப் போட்டிட்டு வாளியும் துணியுமா உள்ளுக்கு நிண்டு கழுவிக்கொண்டிருந்தான். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து 'வாட் ஆர் யூ டூயிங் டுமோரோ மோர்னிங்?' எண்டு கேட்டா. அவ விசாரிச்சது, நாளைக்குக் காலமை வேற ட்ரிப் ஏதும் இருக்கா, புறாத்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போவீங்களா எண்டு. தம்பிக்கு 'டூயிங்' மட்டும்தான் காதில விழுந்தது, அது 'இப்ப' எண்டெல்லோ பள்ளிக்கூடத்தில படிச்சவன், கையில இருந்த துணியைத் தூக்கிக் காட்டி 'ஐம் க்ளீனிங் த போட்' எண்டான், சிரிச்ச முகத்தோட. அவவுக்கு அது எப்பிடி விளங்கியிருக்கும்? நாளைக்குக் காலமை இவர் போட் கழுவுறதா ஏற்பாடு, ஆள் பிஸி. 'ஓ, ஓகே, தேங்க் யூ' எண்டிட்டு அடுத்த போட்காரரிட்ட போயிட்டா. தம்பிக்கு ட்ரிப் போனதே விளங்கேல்லை, தொடர்ந்து கழுவிக்கொண்டு நிண்டான்.

உண்மையில இது தமிழருக்கு ஆகச் சுகமான இடம். 'நாளைக்கு அனுராதபுரம் போறன்', 'வாற கிழமை அக்கா ஜெர்மனில இருந்து வாறா' எண்டுதான் நாங்களும் கதைக்கிறம். 'போவன்' எண்டு ஒருத்தரும் சொல்லுறதில்லை, அப்பிடிச் சொன்னா ஏதோ சந்தேகத்தில சொல்லுற மாதிரி இருக்கும். அதே 'போறன்', அதே 'வாறா', அதையே இங்கிலீஷ்லயும் போடுங்கோ: 'மை சிஸ்டர் இஸ் கமிங் நெக்ஸ்ட் வீக்'. 'நெக்ஸ்ட் வீக்' மாதிரி ஒரு காலச்சொல் கூட வரவேணும், இல்லாட்டி கதையின்ர போக்கிலயாவது எந்த நாள் எண்டு விளங்கவேணும், அது ஒண்டுதான் நிபந்தனை.

ஏற்பாடு பண்ண ஏலாததுக்கு இது வராது. மழையோட ஒருத்தரும் அப்பொயின்ட்மென்ட் வைக்க ஏலாது, அதால 'இட் இஸ் ரெய்னிங் டுமோரோ' பிழை.

மழைக்கு என்ன சொல்லுறது? 'கோயிங் டு'

கார்த்திகை மாசம் டச்சுக்குடா பக்கம் போய் நிண்டு வடகிழக்கால பாருங்கோ. வாடை தொடங்கியிருக்கும், கடல் சாம்பல் நிறத்தில கொதிக்கும், தூரத்தில கறுப்பா ஒரு சுவர் மாதிரி எழும்பி வரும். அதைப் பார்த்த உடன வாயில என்ன வரும்? 'மழை பெய்யப் போகுது'. இங்கிலீஷ்காரர் அதே இடத்தில நிண்டா 'இட்ஸ் கோயிங் டு ரெயின்' எண்பார். ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாருங்கோ. இவங்கட 'கோ'வும் எங்கட 'போ'வும் ஒரே வேலையைத்தான் செய்யுது. மழை எங்கேயும் நடந்து போகேல்லை, ஆனா ரெண்டு மொழியும் 'போ'வையே எடுத்து வருங்காலத்துக்கு வச்சிருக்கு. இதை ஒரு பிள்ளைக்குக் காட்டினா அந்தப் பிள்ளை பிறகு 'கோயிங் டு'வைப் பிழையா போடுறது குறைவு, நான் பார்த்த வரைக்கும்.

இதுக்கு ரெண்டு பாவனை. ஒண்டு, கண்ணுக்கு முன்னால சாட்சி இருக்கேக்க. கறுத்த மேகம் ஒரு சாட்சி. பிரெடரிக் கோட்டை வாசல் தாண்டிக் கோணேசர் கோவிலுக்கு ஏறுற வழியில மான் எல்லாம் ஆளுக்குப் பயமில்லாம நிக்கும், கையில வாழைப்பழப் பை இருந்தா மெல்ல மெல்ல கிட்ட வரும். ஒரு மான் உங்களுக்குப் பின்னால வந்து பைக்குள்ள மூக்கை விட்டிட்டு எண்டா பக்கத்தில நிக்கிறவர் 'தட் டியர் இஸ் கோயிங் டு ஈட் யுவர் பனானாஸ்!' எண்டு கத்துவார். அந்த இடத்தில 'வில் ஈட்' எண்டா சாத்திரம் சொல்லுற மாதிரி இருக்கும்.

மற்றது, முதலே மனசில எடுத்த முடிவு. பையை எடுத்து வச்ச அந்த ரெண்டாவது ஆள். 'ஐம் கோயிங் டு லேர்ன் ஸ்விம்மிங் திஸ் இயர்', நீந்தப் பழகப் போறன். வகுப்பில சேர்ந்து காசும் கட்டியாச்சோ இல்லையோ எண்டது கேள்வியில்லை, முடிவு பழசு எண்டது மட்டும்தான். சேர்ந்து நாளும் குறிச்சாச்சு எண்டா 'ஐம் ஸ்டார்ட்டிங் ஸ்விம்மிங் ஒன் சண்டே' எண்டும் சொல்லலாம், ரெண்டுக்கும் இடையில கறாரான வேலி ஒண்டும் இல்லை, இங்கிலீஷ்காரரே மாறி மாறித்தான் சொல்லுவாங்க. படங்களில கேட்கிற 'கொன்னா'வும் இதுதான், வாயில தேய்ஞ்ச 'கோயிங் டு'. கதைக்கேக்க போடுங்கோ, அப்ளிகேஷன்ல எழுதாதேங்கோ.

சுருக்கமா: ஏற்பாடு இருந்தா 'இங்', சாட்சியோ பழைய முடிவோ இருந்தா 'கோயிங் டு'. ரெண்டுக்கும் தமிழ் துணைக்கு நிக்கும்.

'வில்' உண்மையில என்ன செய்யுது

இப்ப எல்லாரும் எல்லா இடமும் போடுற ஆளுக்கு வருவம். இந்தச் சொல்லுக்குப் பழைய இங்கிலீஷ்ல விருப்பம் எண்டுதான் கருத்து, 'வேணும் எண்டு நினைக்கிறன்' எண்ட மாதிரி. அந்த வாசம் இன்னும் போகேல்லை. ஒருத்தர் எழுதி வைக்கிற உயிலுக்கும் 'வில்' எண்டுதானே பேர், அதுவும் அவரின்ர விருப்பம்தான்.

அதால மனசு அந்த நிமிசம் ஒண்டுக்கு இணங்குற இடமெல்லாம் 'வில்' வரும். ஃபோன் அடிக்குது, அம்மா குசினியில கையெல்லாம் மா, நீங்க 'ஐல் கெட் இட்' எண்டு எழும்புறீங்க. கடையில மெனுவைப் பார்த்து 'ஐல் ஹேவ் த ஃபிஷ் கறி' எண்டுறீங்க. கடன் வாங்கினவர் 'ஐல் பே யூ ஒன் ஃப்ரைடே' எண்டுறார், கொடுப்பாரோ இல்லையோ வாக்குக்கு வாக்கு. எல்லாம் சொல்லுற வாயிலேயே பிறந்த முடிவு, தேத்தண்ணிக் கடையில நிண்ட மூண்டாவது ஆள் மாதிரி.

இங்கதான் தமிழ் எங்களைக் காலை வாரிவிடும், கவனமா இருங்கோ. ஃபோன் அடிக்கேக்க தமிழ்ல என்ன சொல்லுவம்? 'நான் எடுக்கிறன்'. தேத்தண்ணிக்கடை ஆள் என்ன சொன்னார்? 'நானும் வாறன்'. ரிக்கெட் வச்சிருக்கிற ஆளும் 'போறன்'தான். எங்களுக்கு முதலே செய்த ஏற்பாடும் இப்ப பிறந்த முடிவும் ஒரே உருவத்தில வரும், இங்கிலீஷ் ரெண்டையும் பிரிச்சு வைக்கும். அதால 'நான் எடுக்கிறன்' எண்டதை அப்பிடியே மாத்தி 'ஐம் கெட்டிங் இட்' எண்டா சரிவராது. பழைய ஏற்பாடா புது முடிவா எண்டு ஒரு செக்கன் யோசிச்சா போதும்.

விருப்பம் எண்டா அதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. 'த எஞ்சின் வோன்ட் ஸ்டார்ட்' எண்டு ஒரு போட்காரர் சொன்னா அது நாளையைப் பற்றின கதையே இல்லை, இப்ப, இந்த நிமிசம் எஞ்சின் முரண்டு பிடிக்குது. எங்கட ஆக்களும் 'ஸ்டார்ட் ஆக மாட்டன் எண்டு நிக்குது' எண்டுதானே எஞ்சினைத் திட்டுவாங்க.

இன்னொரு பக்கம், அனுமானம். கேற்றில ஆரோ தட்டுறாங்க, உள்ளுக்கிருந்து அம்மம்மா 'மீன்காரரா இருக்கும்' எண்டுறா. 'இருக்கும்' எண்டது உருவத்தில வருங்காலம், ஆனா மீன்காரர் நிக்கிறது இப்ப. இங்கிலீஷ்லயும் அச்சொட்டா அதே: 'தட் வில் பி த ஃபிஷ் மேன்'. ராவு மெயில் ட்ரெயின்ல மகளை ஏத்திவிட்டிட்டு வீட்டை வந்த அப்பா மணிக்கூட்டைப் பார்த்து 'இந்நேரம் கல்ஓயா தாண்டியிருக்கும்' எண்டுறார். தாண்டினா அது நடந்து முடிஞ்ச விசயம், எண்டாலும் 'தாண்டியிருக்கும்'. இங்கிலீஷ்ல 'த ட்ரெயின் வில் ஹேவ் பாஸ்ட் கல்ஓயா பை நவ்'. நாளைக்கு நடக்கிறதில்லை, இப்ப இருக்கிறதும் ஏற்கனவே நடந்ததும்! 'வில்' எண்டா ஃபியூச்சர் எண்டு சொல்லுறவரிட்ட இந்த ரெண்டு வசனத்தையும் காட்டிக் கேளுங்கோ.

ஆக, 'வில்' எண்டது காலத்தைக் காட்டுற சொல் இல்லை, என்ர மனசு இணங்குது, அல்லது என்ர கணிப்பு இது எண்டு காட்டுற சொல். வருங்காலத்தை இன்னும் ஒருத்தரும் காணேல்லை, அதைப் பற்றிச் சொல்லக்கூடியது பெரும்பாலும் கணிப்புத்தான், அதாலதான் 'வில்' அங்க அடிக்கடி வருது. 'ஐ திங்க் ஷி வில் பாஸ்', 'தே வில் ப்ரோபப்ளி கம் லேட்'. 'ஐ திங்க்', 'ப்ரோபப்ளி', 'ஐம் ஷுவர்' எல்லாம் பக்கத்தில வந்தா 'வில்' அநேகமா சரியாத்தான் இருக்கும்.

சாட்சிக்கும் கணிப்புக்கும் வித்தியாசம் பார்க்கவேணும் எண்டா கோணேசர் மலை விளிம்புக்குப் போங்கோ. ஒரு பிள்ளை கம்பியில ஏறி, கால் வழுக்கத் தொடங்கியிட்டு: 'யூ ஆர் கோயிங் டு ஃபோல்!' இன்னொரு பிள்ளை ஏறலாமா எண்டு கேட்குது: 'நோ, யூ வில் ஃபோல்'. ரெண்டாவதுக்குள்ள 'ஏறினா' எண்டது மறைஞ்சு நிக்குது.

'ஷெல்' பற்றியும் கேட்பீங்க. அதுக்கு ஆதியில கடமை, கடன் எண்ட கருத்து. 'ஐ, வீ' வந்தா 'ஷெல்', மற்றதுக்கெல்லாம் 'வில்' எண்ட சட்டத்தை 1653இல ஜோன் வாலிஸ் எண்ட கணித அறிஞர் தன்ர இங்கிலீஷ் இலக்கணத்தில எழுதினார், அந்தப் புத்தகமே லத்தீன்லதான் இருக்கு. இண்டைக்கு அந்தச் சட்டத்துக்காக ராவு முழிச்சு இருக்கத் தேவையில்லை. 'ஷெல் ஐ ஓப்பன் த விண்டோ?', 'ஷெல் வீ கோ?' எண்ட ரெண்டு விதக் கேள்வியும் தெரிஞ்சா போதும்.

பஸ்ஸின்ர பங்கு

இது சின்ன விசயம். நேர அட்டவணையில அச்சடிச்சு ஒட்டினதுக்கு சாதாரண ப்ரெசன்ட்: 'த ட்ரெயின் லீவ்ஸ் அட் செவன்', 'த எக்ஸாம் ஸ்டார்ட்ஸ் ஒன் மண்டே'. ஏழு மணி எண்டது உதாரணத்துக்கு, உண்மை நேரத்தை ஸ்டேஷன்ல கேட்டுக்கொள்ளுங்கோ. தமிழ்லயும் 'ட்ரெயின் ஏழுக்கு வெளிக்கிடுது' எண்டுதானே சொல்லுறம். தனி ஆளின்ர திட்டத்துக்கு இதைப் போடக்கூடாது, 'ஐ கோ டு கொலம்போ டுமோரோ' எண்டா நீங்களே பஸ் ஆகியிடுவீங்க.

'இஃப்'புக்குப் பின்னால 'வில்' வராது

ஓ/எல் பேப்பர்லயும் ஹோட்டல் மெசேஜ்லயும் ஒரே அளவுக்கு நான் காணுற பிழை இது: 'இஃப் இட் வில் ரெயின், த போட் வில் நொட் கோ'. சரியானது 'இஃப் இட் ரெய்ன்ஸ், த போட் வோன்ட் கோ'. மழையும் நாளைக்குத்தான், போட்டும் நாளைக்குத்தான், ஆனா 'இஃப்' பக்கம் ப்ரெசன்ட்.

ஏன் எண்டா அந்தப் பக்கத்தில நீங்க ஒண்டையும் கணிக்கேல்லை. மழை பெய்யும் எண்டு சொல்லேல்லை, பெய்யாது எண்டும் சொல்லேல்லை, பெய்தா எண்டு ஒரு நிபந்தனையை மேசையில வைக்கிறீங்க. கணிப்பு மற்றப் பக்கம்தான் இருக்கு, போட் போகாது, அதால 'வில்' அந்தப் பக்கம். தமிழ்லயும் 'மழை பெய்தா போட் போகாது' எண்டுதான் வரும். 'பெய்தா'வில வருங்காலத்தின்ர அடையாளமே இல்லை, பார்க்கப்போனா அது இறந்தகால அச்சில வார்த்த சொல்.

'வென், பிஃபோர், ஆஃப்டர், அன்டில், அஸ் சூன் அஸ்' எல்லாத்துக்கும் இதே கதைதான். 'ஐல் கோல் யூ வென் ஐ ரீச் மூதூர்', மூதூர் போய்ச் சேர்ந்த உடன கோல் பண்ணுறன். 'வென் ஐ வில் ரீச்' இல்லை.

ஒரு சிக்கல் இருக்கு. 'ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்' சரியான வசனம், 'வென்'னுக்குப் பின்னால 'வில்' நிக்குது. அதெப்பிடி? அந்த 'வென்' கேள்வி 'வென்', தமிழ்ல 'எப்ப வருவான் எண்டு தெரியாது'. மற்றது 'வரேக்க', 'வந்த உடன' எண்ட 'வென்'. தமிழ்ல சொல்லிப் பாருங்கோ: 'எப்ப' எண்டு வந்தா 'வில்' போடலாம், 'வரேக்க, வந்தா, வந்த உடன' எண்டு வந்தா போடக்கூடாது. இந்த ஒரு சோதனை கிட்டத்தட்ட எல்லா இடத்திலயும் கைகொடுக்கும்.

நீளமான ரெண்டு உருவம்

'வில் பி'க்குப் பின்னால 'இங்' போட்டா அந்த நேரத்தில நடந்துகொண்டிருக்கும் எண்டு கருத்து: 'அட் எய்ட் வீ வில் பி க்ரொஸிங் த கிண்ணியா ப்ரிட்ஜ்', எட்டு மணிக்குக் கிண்ணியாப் பாலத்தில போய்க்கொண்டிருப்பம். ஹோட்டல் வேலை செய்யிறவங்களுக்கு இது இன்னொரு வழியிலும் பெறுமதியான சாமான். விருந்தாளியிட்ட 'வில் யூ ஹேவ் டின்னர் ஹியர்?' எண்டு கேட்டா இங்க சாப்பிடச் சம்மதமா எண்டு கொஞ்சம் நெருக்குற மாதிரித் தொனிக்கும். 'வில் யூ பி ஹேவிங் டின்னர் ஹியர்?' எண்டா உங்கட திட்டம் என்ன எண்டு மரியாதையா விசாரிக்கிறது, இல்லை எண்டு சொல்லுறதுக்கும் அவருக்கு இடம் இருக்கும்.

'வில் ஹேவ்' மேல பார்த்ததுதான். 'பை ஃபைவ் ஐல் ஹேவ் ஃபினிஷ்ட்', அஞ்சு மணிக்கு முடிச்சிருப்பன். தமிழ்ல 'முடிச்சிருப்பன்' வாற இடத்தில அநேகமா போடலாம், பெரிய பேரைப் பார்த்துப் பயப்பிடாதேங்கோ.

கொஞ்சம் செய்து பார்ப்பம்

கீழ வாறதை முதல்ல தமிழ்ல வாசியுங்கோ, கையில என்ன இருக்கு எண்டு கேளுங்கோ, பிறகு இங்கிலீஷ்ல சொல்லுங்கோ.

'நாளைக்கு நாலு மணிக்கு டொக்டரைச் சந்திக்கிறன்.' நம்பர் எடுத்தாச்சு, அதால 'ஐம் சீயிங் த டொக்டர் அட் ஃபோர்'. 'பை பாரமா இருக்கு எண்டுறீங்க, தாங்கோ நான் தூக்கிறன்.' இப்பதான் பார்த்தீங்க, இப்பதான் முடிவு, 'ஐல் கேரி இட்'. கன்னியா வெந்நீர்க் கிணத்தடியில ஒரு பிள்ளை வாளியைக் கையில எடுத்துத் தலைக்கு மேல தூக்கியிட்டு, நீங்க பக்கத்தில நிக்கிறீங்க: 'ஷி இஸ் கோயிங் டு ஸ்ப்ளாஷ் அஸ்!' சாட்சி கண்ணுக்கு முன்னால. 'அண்ணா வந்த உடன சாப்பிடுவம்': 'வீ வில் ஈட் வென் அண்ணா கம்ஸ்', 'வில் கம்' எண்டு சொன்னவங்க ஒருக்கா மேல போய் வாசிச்சிட்டு வாங்கோ.

சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு சொல். சில கேள்வியில 'வில்'லும் சரி, 'கோயிங் டு'வும் சரி. ஆனா மார்க்கிங் ஸ்கீமில ஒண்டுதான் இருக்கும். வசனத்துக்குள்ள 'லுக்!' எண்டோ 'தோஸ் க்ளவுட்ஸ்' எண்டோ இருந்தா அவங்க எதிர்பார்க்கிறது 'கோயிங் டு', 'ஐ திங்க்' இருந்தா 'வில்', நாளும் நேரமும் போட்டு 'வித் மை ஃப்ரெண்ட்' எண்டு இருந்தா 'இங்'. வெளியில கதைக்கேக்க இந்தளவு கறார் தேவையில்லை.

கடைசியா ஒண்டு, இது எந்தப் புத்தகத்திலயும் வராது. வீட்டை விட்டு வெளிக்கிடேக்க 'போறன்' எண்டு சொன்னா அம்மா ஏசுவா, 'போட்டு வாறன்' எண்டுதான் சொல்லவேணும். அதை இலங்கையில நாங்க எல்லாரும் 'ஐல் கோ அண்ட் கம்' எண்டு இங்கிலீஷ்லயும் சொல்லிப் பழகியிட்டம், எங்களுக்குள்ள அது நல்லா ஓடும். ஆனா ஹோட்டல்ல ட்யூட்டி முடிஞ்சு வீட்டை போகேக்க ஒரு வெளிநாட்டு விருந்தாளியிட்ட அப்பிடிச் சொன்னீங்க எண்டா அந்த மனுசன் நீங்க இப்ப திரும்பி வருவீங்க எண்டு லொபியில பார்த்துக்கொண்டு இருப்பார். அவருக்கு 'ஐம் ஒஃப் நவ், சீ யூ டுமோரோ' காணும்.